பழக்கமில்லாத ஆற்றில் ஸ்டீல்ஹெட்: வடியும் வெள்ளத்துக்குத் திட்டமிடுவது எப்படி?

ஸ்டீல்ஹெட் மீன் பிடிக்க நான் முதன்முதலாகப் போட்ட திட்டத்தில் எல்லாம் சரியாக இருந்தன, ஆற்றைத் தவிர. மூன்று வாரம் முன்பே விடுப்புச் சொல்லி, அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் உள்ள டில்லமூக் ஊரில் அறை எடுத்து, புதுத் தூண்டில் கோலில் நரம்பு சுற்றிக்கொண்டு, டிசம்பர் மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் விடிவதற்கு முன்பே வில்சன் ஆற்றங்கரையில் போய் நின்றேன். வெளிச்சம் வந்ததும் பார்த்தால், ஆறு டீக்கடைப் பாய்லரில் கொதிக்கும் டிக்காஷன் நிறத்தில் முழு மரங்களை உருட்டிக்கொண்டு போகிறது. முந்தின இரண்டு நாளும் மலையில் கொட்டிய மழை. வழக்கமாகக் கார் நிறுத்த இடம் கிடைக்காத அந்தத் துறையில் என் கார் மட்டும்தான் நின்றது. அதைப் பார்த்தாவது புரிந்திருக்க வேண்டும். எனக்கோ கூட்டமில்லை என்று மகிழ்ச்சி! மதியம் வரை வீசிவிட்டு, அந்த ஊரின் பேர்போன சீஸில் இரண்டு கட்டி வாங்கிக்கொண்டு வீடு திரும்பினேன்.

தெரியாத ஆற்றுக்குப் போகிறவர் மீனை நினைத்துத் திட்டம் போடக் கூடாது. வடிகிற தண்ணீரை நினைத்துப் போட வேண்டும். இடம், இரை, கோல் எல்லாம் அதற்குப் பின்னால் வருபவை. ஒரிகன் மாநிலத்தின் வடகடற்கரை ஆறுகளையும் குளிர்கால ஸ்டீல்ஹெட்டையும் வைத்தே இங்கே சொல்கிறேன். ஹில்ஸ்பரோ, பீவர்ட்டன் பக்கம் குடியிருக்கும் நம்மவர்களுக்கு அவை ஒன்றரை மணி நேரப் பயணம்; எனக்குக் கொஞ்சம் பழகியவையும் அவைதான். வாஷிங்டனில் இருப்பவருக்கும் ஐடஹோவுக்குப் போகிறவருக்கும் ஆற்றின் பெயரும் சட்டமும் மாறும், முறை மாறாது.

எந்த மீன், எந்த மாதம்

ஸ்டீல்ஹெட் தனி இனம் அல்ல. ஆங்கிலேயர் காலத்தில் நீலகிரி ஓடைகளில் கொண்டுவந்து விட்டார்களே, அதே ரெயின்போ டிரவுட்தான். ஆற்றிலேயே தங்கிவிடுவது டிரவுட்; ஆற்றில் ஒன்றிரண்டு ஆண்டு வளர்ந்து, கடலுக்குப் போய் உடல் பெருத்து, முட்டையிடப் பிறந்த ஆற்றுக்கே திரும்பி ஏறுவது ஸ்டீல்ஹெட். பசிபிக் சால்மன்கள் முட்டையிட்டதும் செத்துப்போகும். ஸ்டீல்ஹெட்டில் ஒரு பங்கு பிழைத்துக் கடலுக்குப் போய் மறுபடியும் வரும். பிடித்த மீனை எப்படிக் கையாள வேண்டும் என்பது இதிலிருந்துதான் வருகிறது, பிறகு சொல்கிறேன்.

கோடையில் ஏறும் கூட்டம், குளிர்காலத்தில் ஏறும் கூட்டம் என்று இரண்டு உண்டு. கோடைக்கூட்டம் ஆற்றிலேயே மாதக்கணக்கில் காத்திருந்து அடுத்த வசந்தத்தை ஒட்டி முட்டையிடும். கொலம்பியாவின் கிளையாறான டெஷூட்ஸ் அதற்குப் பேர்போனது. குளிர்காலக் கூட்டம் நவம்பர் கடைசியில் தலைகாட்டத் தொடங்கி ஏப்ரல் வரை வரும். கடற்கரை ஆறுகளில் டிசம்பர், ஜனவரியில் பொரிப்பக மீன் (மனிதர் குஞ்சு பொரித்து ஆற்றில் விட்டது) அதிகம்; பிப்ரவரி, மார்ச்சில் காட்டு மீன் (ஆற்றிலேயே பிறந்தது) பெரிதாக வரும். வில்சனிலும் நெஸ்டக்காவிலும் உள்ளூர்க் காட்டு மீன்களிலிருந்தே சினை எடுத்துக் குஞ்சு பொரித்து விடுகிறார்கள். அந்தக் கூட்டமும் பிற்பாதியில்தான் வந்து சேரும். புதியவர் ஒரே ஒரு பயணம்தான் போக முடியும் என்றால் பிப்ரவரியின் முதல் இரு வாரங்களைச் சொல்வேன். இரண்டு கூட்டமும் ஆற்றில் இருக்கும்.

ஓர் ஆறு அல்ல, நான்கு ஆறுகள்

"எந்த ஆற்றுக்குப் போகலாம்?" என்று வீட்டில் உட்கார்ந்து முடிவு செய்வதுதான் முதல் பிழை. பக்கத்துப் பக்கத்தில் ஓடும், அளவில் வேறுபட்ட மூன்று நான்கு ஆறுகளைக் குறித்துவைத்துக்கொண்டு, எது என்பதை முந்தின நாள் இரவு தண்ணீரிடம் விட்டுவிடுங்கள்.

டில்லமூக் விரிகுடாவில் மட்டும் ஐந்து ஆறுகள் கலக்கின்றன: மயாமி, கில்சிஸ், வில்சன், டிராஸ்க், டில்லமூக். வடக்கே நெகானிக்கமும் நெஹேலமும், தெற்கே நெஸ்டக்கா. எல்லாவற்றின் மேலும் ஒரே மழைதான் பெய்கிறது. ஆனால் தெளிவது ஒரே நாளில் அல்ல. நெகானிக்கமும் கில்சிஸும் சின்ன ஆறுகள். மழை விட்ட மறுநாளே தெளியத் தொடங்கிவிடும். வில்சனுக்கும் டிராஸ்க்குக்கும் இன்னும் ஓரிரு நாள் வேண்டும். நெஹேலம் மலைகளைச் சுற்றிக்கொண்டு நூறு மைலுக்கு மேல் ஓடிவரும் ஆறு. கடைசி ஆளாகத்தான் தெளியும். சில சமயம் அடுத்த மழை வரும்வரை தெளியவே தெளியாது.

ஆக, மழை விட்ட அன்றோ மறுநாளோ என்றால் கில்சிஸ். இரண்டாம் மூன்றாம் நாள் வில்சன். அதற்கும் பிறகு நெஸ்டக்கா. ஒரு வாரமாக மழையே இல்லை, மற்ற ஆறுகளெல்லாம் கண்ணாடியாகிவிட்டன என்றால் நெஹேலம். கில்சிஸில் கிடைப்பது பெரும்பாலும் காட்டு மீன், திருப்பி விடத்தான் வேண்டும். சமைக்க ஒன்று வேண்டும் என்று வீட்டில் சொல்லி அனுப்பியிருந்தால் அந்தக் கணக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கன அடிக் கணக்கு

மேட்டூர் அணைக்கு நீர்வரத்து இத்தனை ஆயிரம் கன அடி என்று செய்தித்தாளில் படித்தே வளர்ந்தவர்கள் நாம். அந்தப் பழக்கம் இங்கே கைகொடுக்கும். அமெரிக்கப் புவியியல் ஆய்வுத் துறை ஆறுகளில் அளவுமானிகளை வைத்திருக்கிறது. நீர்மட்டம் அடியிலும், ஓட்டம் நொடிக்கு இத்தனை கன அடி என்றும் இணையத்தில் நாள் முழுவதும் வந்துகொண்டிருக்கும். வில்சனுக்கு டில்லமூக் அருகிலும், நெஸ்டக்காவுக்கு பீவர் என்ற ஊரருகிலும் மானி உண்டு. வடமேற்கு நதி முன்னறிவிப்பு மையம் அதே இடங்களுக்கு அடுத்த பத்து நாள் மட்டம் எப்படி ஏறி இறங்கும் என்பதை வரைபடமாகத் தருகிறது. முதல் நான்கு நாளை நம்பலாம். அதற்கு மேல் ஜோசியம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் கோட்டைப் படிக்கப் பழகுவதுதான் இந்த வழிகாட்டியிலேயே முக்கியமான வேலை. மழை வந்தால் கோடு சுவர்போல் செங்குத்தாக ஏறும். உச்சியில் சிறிது நேரம் நின்று, பிறகு மலைச்சரிவுபோல மெல்ல இறங்கும். ஏறும் பகுதியில் போகாதீர்கள்: குப்பையும் கட்டையும் வரும், மீன் ஓரத்தில் ஒண்டிக் கிடக்கும், நிற்கிற இடமும் பாதுகாப்பல்ல. நமக்கு வேண்டியது சரிவின் நடுப்பகுதி. அப்போதுதான் கடலிலிருந்து புதுமீன் மேலேறும், ஏறிய மீன் அங்கங்கே இளைப்பாறும், கலங்கல் அடங்கிக்கொண்டிருக்கும். சரிவு தட்டையாகிக் கோடு படுத்துவிட்டால் தண்ணீர் குறைந்து தெளிந்துவிட்டது என்று பொருள். மீன் இருக்கும், ஆனால் உங்கள் நிழலைப் பார்த்தே ஓடும். அந்த நாளில் இரையைச் சிறிதாக்கி, நரம்பை மெல்லியதாக்கி, விடியற்காலையோடு முடித்துக்கொள்ள வேண்டும்.

மட்டத்தின் எண் ஆற்றுக்கு ஆறு வேறு. ஒன்றின் ஐந்தடியை மற்றொன்றின் ஐந்தடியோடு ஒப்பிட முடியாது. என் குறிப்பேட்டில் வில்சனில் மீன் கண்ட நாள்கள் பெரும்பாலும் ஐந்தடியை ஒட்டியே இருக்கின்றன. உங்கள் ஆற்றுக்கான எண்ணை உள்ளூரில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

நிறத்தைச் சொல்லிவிடுகிறேன். பச்சைக் கண்ணாடி வளையலை வெயிலில் பிடித்துப் பார்த்திருப்பீர்கள். ஆறு அந்த நிறத்துக்கு வந்திருந்தால் காரை நிறுத்துங்கள். சந்தேகமாக இருந்தால் முழங்காலுக்குச் சற்று மேல் வரும் தண்ணீரில் நின்று குனிந்து பாருங்கள். பூட்ஸ் நுனியே தெரியவில்லை என்றால் இன்னும் ஒருநாள் பொறுக்கலாம், அல்லது சின்ன ஆற்றுக்கு மாறலாம். நுனி மங்கலாகத் தெரிந்தால் வீசலாம். கூழாங்கல்லை எண்ண முடிகிறதென்றால் தாமதமாக வந்திருக்கிறீர்கள்.

இதிலிருந்து விடுப்பு விஷயம் தானே விளங்கும். இப்போதெல்லாம் நான் "பதினான்காம் தேதி வேண்டும்" என்று கேட்பதில்லை. "இந்த இரண்டு வாரத்தில் ஏதாவது ஒருநாள், முந்தின நாள் சொல்கிறேன்" என்று மேலாளரிடம் சொல்லிவைக்கிறேன். அறையும் கடைசி நாள் ரத்து செய்யக்கூடியதாக மட்டும். தூரத்து ஊரிலிருந்து விமானத்தில் வருகிறவருக்கு இந்த வசதி இல்லை. அவர் குறைந்தது நான்கு நாள் ஒதுக்கி, அளவில் வேறுபட்ட பல ஆறுகள் உள்ள பகுதியை மையமாக வைத்துத் தங்க வேண்டும்.

சட்டத்தை வீட்டிலேயே படியுங்கள்

மீன்பிடி உரிமம் ஒன்று, சால்மன், ஸ்டீல்ஹெட் முதலியவற்றுக்கான கூட்டு அட்டை ஒன்று, இரண்டும் வேண்டும். மீனை வைத்துக்கொள்வதென்றால் பிடித்த உடனே அட்டையில் பதிவு செய்ய வேண்டும். காருக்குப் போய்ச் செய்கிறேன் என்பது செல்லாது. போர்ட்லாந்துக்குப் பக்கத்தில் இருக்கிறதே என்று சாண்டி ஆற்றுக்கோ கிளாக்கமஸுக்கோ போனால் கொலம்பியா படுகைக்கான தனி அனுமதியும் சேர வேண்டும். கடற்கரை ஆறுகளுக்கு அது தேவையில்லை.

அடுத்தது துடுப்பு. மீனின் முதுகில், வாலுக்குச் சற்று முன்னால், சுண்டுவிரல் நுனியளவு சதைப்பற்றான ஒரு சின்னத் துடுப்பு இருக்கும். பொரிப்பகக் குஞ்சுகளுக்கு அதை வெட்டிவிட்டுத்தான் ஆற்றில் விடுகிறார்கள். அந்த இடம் ஆறிய தழும்பாக இருந்தால் பொரிப்பக மீன், வைத்துக்கொள்ளலாம். துடுப்பு முழுதாக இருந்தால் காட்டு மீன். சில ஆறுகளில் விதிவிலக்கு உண்டு என்றாலும், புதியவர் அந்த விதிவிலக்கைத் தேட வேண்டாம், விட்டுவிடுங்கள்.

ஆற்றின் எந்தப் பாலம் முதல் எந்தப் பாலம் வரை திறந்திருக்கிறது, இரை அனுமதி உண்டா, செயற்கை இரை மட்டுமா என்பதெல்லாம் பகுதிக்குப் பகுதி மாறும். பருவத்தின் நடுவிலும் மாற்றுவார்கள். கிளம்பும் முன்னிரவு மாநில மீன்வளத் துறையின் தளத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள். மீன்வளச் சட்டத்தை ஒரிகனில் அமல்படுத்துவது மாநிலப் போலீஸ். எனக்குத் தெரியாது என்ற பதில் அவர்களிடம் எடுபடாது.

வரைபடமும் ஒரு தொலைபேசி அழைப்பும்

செயற்கைக்கோள் படத்தில் ஆற்றைக் கடலிலிருந்து மேல்நோக்கித் தொடர்ந்து போங்கள். அலை ஏறி இறங்கும் கழிப்பகுதி முடியும் இடம், முதல் பாலம், சாலையிலிருந்து ஆறு தெரியும் வளைவுகள், வெளுத்த கூழாங்கல் திட்டுகள் எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். வில்சனின் கீழ்ப்பகுதி முழுக்கப் பால்பண்ணை நிலம்; வேலி தாண்டாதீர்கள். ஆறாம் எண் நெடுஞ்சாலையை ஒட்டிய மேல்பகுதி டில்லமூக் மாநிலக் காடு. இறங்கி நடக்க இடம் தாராளம். அந்தச் சாலையில் நெடுந்தூரம் செல்போன் சிக்னல் இருக்காது. வரைபடத்தை முன்பே இறக்கி வைத்துக்கொண்டு, எத்தனை மணிக்குத் திரும்புவேன் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள்.

மொத்த ஆற்றையும் ஒரே நாளில் பார்த்துவிட வேண்டாம். ஒரு மைல் நீளம் போதும். அதில் மூன்று நல்ல இடங்களைக் குறித்து, மூன்றையும் பொறுமையாகத் துழாவுங்கள். ஒவ்வொரு துறையாகக் காரில் ஓடி ஓடி வீசுகிறவர் நாள் முடிவில் சாலையைத்தான் நன்றாகத் தெரிந்துகொண்டிருப்பார்.

பிறகு உள்ளூர்த் தூண்டில் கடைக்கு ஓர் அழைப்பு. "மீன் எங்கே இருக்கிறது?" என்று கேட்டால் யாரும் சொல்ல மாட்டார்கள், நானும் சொல்ல மாட்டேன். "இந்த ஆறு எத்தனை அடியில் நன்றாக இருக்கும்? முதல் தடவை வருகிறவன் ஆபத்தில்லாமல் நிற்க எந்தத் துறை?" என்று கேளுங்கள். இரண்டுக்கும் மனம் திறந்து பதில் கிடைக்கும். போகிற வழியில் அந்தக் கடையிலேயே ஈயமும் முள்ளும் வாங்குங்கள், மரியாதை.

கையில் சில நூறு டாலர் இருந்தால் முதல் நாள் மட்டும் உரிமம் பெற்ற படகு வழிகாட்டியோடு போவது நல்ல முதலீடு. ஆனால் அவர் காட்டிய இடத்துக்கு மறுநாள் நான்கு நண்பர்களோடு போய் நிற்பது பண்பல்ல. சொந்தப் படகு இருந்தாலும் தெரியாத ஆற்றில் தனியாக இறக்காதீர்கள். முந்தின வெள்ளத்தில் குறுக்கே விழுந்த மரம் எந்த வளைவுக்குப் பின்னால் கிடக்கிறதென்று படத்தில் தெரியாது.

சாமான்கள்

இங்கே கடைக்காரர் பேச்சைக் கேட்டால் கார் நிறைந்துவிடும். ஒன்பதடிக்கு முன்பின்னாக ஒரு கோல், பத்துப் பன்னிரண்டு பவுண்டு தாங்கும் நரம்பு, அதைவிடச் சற்று மெல்லிய முன்நரம்பு, தக்கை, ஈயம், முள், ரோஜா நிற ரப்பர் புழு, பதப்படுத்திய சால்மன் சினை. செயற்கைப் பூச்சி கட்டி வீசும் பூச்சித் தூண்டில் பழகியவருக்கு எட்டாம் எண் கோல். ஆற்றடியில் ஈயம் மாட்டி அறுந்துகொண்டே இருக்கும் என்பதால் முள்ளும் ஈயமும் மட்டும் நினைத்ததைவிட இரண்டு மடங்கு எடுங்கள்.

சிக்கனம் பார்க்கக் கூடாத இடம் உடம்பு. மார்பு வரை வரும் நீர்புகாக் கால்சட்டையை இங்கே வேடர்ஸ் என்கிறார்கள். நமக்குக் காட்டில் வில்லோடு திரிகிறவர்கள் நினைவுக்கு வருவார்கள். உண்மையில் பார்க்க அப்படி ஒன்றும் வீரமாக இருக்காது. அதன் மேல் இடுப்புப் பட்டையை இறுக்கிக் கட்டாமல் ஆற்றில் இறங்கவே கூடாது; விழுந்தால் உள்ளே தண்ணீர் நிறைவதைத் தடுப்பது அதுதான். ஆணி பதித்த பூட்ஸ், ஊன்றுகோல், கம்பளி உடை, காரில் ஒரு மாற்று உடுப்பு, பிளாஸ்க்கில் சூடாக ரசம். ஆற்று நீர் நாற்பது டிகிரி ஃபாரன்ஹீட்டை ஒட்டி இருக்கும். ஐந்து நிமிடத்தில் விரல் மடங்காது.

ஆற்றங்கரையில்

போனதும் வீசாதீர்கள். பத்து நிமிடம் நின்று பாருங்கள். குளிர்ந்த நீரில் ஸ்டீல்ஹெட் வலிமையை வீணாக்காது. மனிதன் சாதாரணமாக நடக்கும் வேகத்தில் தண்ணீர் போகும் இடம், நான்கு முதல் ஆறடி ஆழம், அடியில் தேங்காய் அளவுக் கற்கள். இதுதான் அதன் திண்ணை. நுரைத்து விழும் வேக நீரும் தேங்கிக் கிடக்கும் மடுவும் அதற்கு ஆகாது. வேக நீரும் மந்த நீரும் உரசிக்கொண்டு போகும் கோடு, பெரிய பாறையின் பின்பக்கம், மடு மேலேறி மெலிந்து அடுத்த கல்லோட்டத்துக்குள் (கற்கள் மேல் ஆழமின்றிப் பாயும் நீருக்குள்) விழப்போகும் அதன் வால் ஆகியவற்றைத் தேடுங்கள். கல்லோட்டத்தை ஏறிக் களைத்து வந்த மீன் அந்த வாலில்தான் முதலில் மூச்சு வாங்கும். தண்ணீர் அதிகமாக இருக்கும் நாளில் கரையோரம், குறைந்த நாளில் ஆற்றின் நடு ஆழம்.

ஏற்கெனவே ஒருவர் நின்றுகொண்டிருந்தால் அவருக்குக் கீழே, அவர் வீசப்போகும் தண்ணீரில் போய் நிற்பதைப் போன்ற குற்றம் அந்த ஊரில் வேறில்லை. கேட்டுவிட்டு அவருக்கு மேலே நில்லுங்கள்.

வீசுவது சற்று மேல்நோக்கி, குறுக்காக. ஈயம் அடியைத் தொட்டதும் கோல்நுனி வழியே விரலுக்கு ஒரு செய்தி வரும்: டிக்... டிக்... டிக். ஈயம் கல்லுக்குக் கல் தாவிக்கொண்டு வருகிறது. டிக் வராவிட்டால் ஈயம் போதவில்லை. ஒரேயடியாக இழுத்துப் பிடித்தால் அதிகம். சரியாக இருக்கும்போது நரம்பு ஆற்றின் வேகத்துக்குக் கொஞ்சம் குறைவாக நகரும். பத்துப் பதினைந்து வீச்சுக்கு ஓரடி கீழே நகர்ந்து அடுத்த கீற்றைத் துழாவ வேண்டும். மீன் கடித்தால் இழுக்கும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். என் முதல் மீன் இழுக்கவே இல்லை. டிக் சத்தம் நின்றது, அவ்வளவுதான். மறுபடியும் கல்லில் மாட்டிக்கொண்டது என்று அலுப்போடு கோலைத் தூக்கினேன். கல் தலையை இருமுறை ஆட்டியது. பிறகு எதிர்க்கரையை நோக்கிக் கிளம்பிவிட்டது. சந்தேகம் வரும் ஒவ்வொரு முறையும் கோலைத் தூக்குங்கள் என்று நான் சொல்வது அதனால்தான்.

ஆயிரம் வீச்சுக்கு ஒரு மீன் என்பது அங்கே சொல்வழக்கு. தெரியாத ஆற்றில் முதல் பயணத்தில் ஒரு கடி கிடைத்தாலே நல்ல நாள்.

ஆற்றைக் கடக்க நேர்ந்தால் தொடைக்கு மேல் வேண்டாம். ஓட்டத்தோடு சாய்வாகக் கீழ்நோக்கிக் கடக்க வேண்டும், ஒரு காலை ஊன்றிய பிறகே அடுத்த கால். மழை பெய்துகொண்டிருந்தால் எதிர்க்கரைக்குப் போகாதீர்கள். திரும்பும்போது ஆறு வேறாக இருக்கும். மார்ச்சுக்கு மேல் ஆழமில்லாத இடத்தில் சுற்றிலும் பாசி படிந்து, நடுவில் மட்டும் பெருக்கிவிட்டது போல வெளுத்த கூழாங்கல் வட்டம் தெரிந்தால் அது முட்டையிட்ட இடம். மிதிக்காமல் சுற்றிப் போங்கள்.

மீன் கைக்கு வந்தால்

ரப்பர் கண்ணி வலையில் ஏந்தி, மீனைத் தண்ணீருக்குள்ளேயே வைத்துக்கொண்டு முதலில் துடுப்பைப் பாருங்கள். காட்டு மீன் என்றால் கையை நனைத்துக்கொண்டு முள்ளைக் கழற்றுங்கள். செவுளுக்குள் விரல் போகக் கூடாது, கரைக் கல்லில் இழுத்துப் போடக் கூடாது. படம் வேண்டுமா, நண்பர் கேமராவோடு தயாரானதும் ஒரு நொடி தூக்கி இறக்குங்கள். பிறகு தலையை நீரோட்டத்துக்கு எதிரே திருப்பி வாலடியைத் தளர்வாகப் பிடித்திருங்கள். தெம்பு வந்ததும் அதுவே உதறிக்கொண்டு போகும். பொரிப்பக மீன் என்றால் உடனே அடித்து, செவுளை அறுத்து இரத்தம் வடித்து, அட்டையில் பதிந்து, ஐஸில் வையுங்கள். நல்லெண்ணெயில் மிளகுத்தூள் தடவி வறுத்தால் போதும். புளிக்குழம்பு வைத்து அதன் ருசியை மறைக்க வேண்டாம் என்பது என் கட்சி, வீட்டில் எதிர்க்கட்சி இருக்கிறது.

அன்றிரவே குறிப்பேட்டில் நான்கு விஷயங்களை எழுதுங்கள்: தேதி, மானியில் மட்டம், ஏறுமுகமா இறங்குமுகமா, நீரின் வெப்பம். எங்கே கடித்தது என்று ஒரு கிறுக்கல் படம். மீன் கிடைக்காத நாளையும் எழுத வேண்டும். பிறகு பூட்ஸைக் கழுவி முழுவதும் காயவிடுங்கள்; நியூசிலாந்து சேற்று நத்தை என்று அரிசி அளவில் ஒன்று ஈரப் பூட்ஸில் ஒட்டிக்கொண்டு ஓர் ஆற்றிலிருந்து அடுத்த ஆற்றுக்குப் பரவுகிறது. என் பூட்ஸ் காய ஹீட்டர் பக்கத்தில் இரண்டு நாள் பிடிக்கிறது. வில்சன் வடியவும் ஏறக்குறைய அவ்வளவுதான் ஆகிறது.